வண்டிக்கு அடியில் கேட்கும் சத்தம்

வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டு கிணுகிணு என்று சத்தம் போடுகிறது. மிக்ஸியை நிறுத்தினால் தட்டும் நின்றுவிடும். தட்டின் மேல் கையை வைத்தாலும் நின்றுவிடும். தட்டில் ஓட்டை இல்லை. விரிசல் இல்லை. மிக்ஸியின் நடுக்கம் சுவர் வழியாக அலமாரிக்குப் போகிறது. அங்கே தட்டு இன்னொரு தட்டின் மேல் லேசாக உட்கார்ந்திருக்கிறது. நடுங்கும்போது ஒன்றோடு ஒன்று தட்டிக்கொள்கிறது.

காருக்கு அடியில் கேட்கும் பல சத்தங்களும் இப்படித்தான் வருகின்றன. சைலன்சரை மாற்றிய பிறகு இந்தச் சத்தம் வந்தால் நமக்குக் கோபம் வரும். புதுச் சாமான் போட்டோம், பணம் கொடுத்தோம், இப்போது பழையதைவிட அதிகமாகக் கத்துகிறதே என்று தோன்றும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதே இந்தப் பாடம். கார் ஓட்டிப் பிழைப்பவர்களும் பட்டறையில் வேலை பழகுகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். வாடகைக் காரில் நாம் எல்லோரும் ஏறுகிறோம்.

இன்ஜின் விடும் மூச்சு

இன்ஜினுக்குள் சிலிண்டர்கள் இருக்கின்றன. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்து எரிகின்றன. எரிந்த புகை வெளியே வர வேண்டும். அது ஒரே சீராக வருவதில்லை. பட், பட், பட் என்று தனித்தனி மூச்சாக வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆல்ட்டோ 800 காரில் 3 சிலிண்டர்கள். வண்டி நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் தள்ளும். அப்படியானால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 450 முறை தள்ளும். 3 சிலிண்டர்களும் சேர்ந்து 1,350 முறை. இதை 60 ஆல் வகுங்கள். வினாடிக்கு 22 முறைக்கு மேல் வருகிறது. வண்டி வேகமாக ஓடி, இன்ஜின் 3,000 சுற்று சுற்றும்போது இதுவே வினாடிக்கு 75 முறை ஆகிவிடும்.

ஒரு குழாயை வினாடிக்கு 22 முறை தட்டிக்கொண்டே இருந்தால் அது நடுங்காமல் என்ன செய்யும்? நடுங்கத்தான் செய்யும். குழாய் நடுங்கட்டும், அந்த நடுக்கம் வண்டியின் உடம்புக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் கார் கம்பெனிகள் குழாயை ரப்பரில் தொங்க விட்டிருக்கின்றன.

முன்னாலிருந்து பின்னால்

காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். இன்ஜினிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு வண்டியின் பின்பக்கம் வரை வருகிறது. இன்ஜினோடு சேரும் முதல் பகுதிக்கு மேனிபோல்டு என்று பெயர். எல்லாச் சிலிண்டர்களின் புகையும் அங்கே ஒன்று சேரும். அடுத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பட்டறையில் 'கன்வெர்ட்டர்' என்று மட்டும் சொல்வார்கள். தேன்கூடு போல நுண்ணிய ஓட்டைகள் கொண்ட ஒரு கட்டி அதற்குள் இருக்கும். நச்சுப் புகையின் பெரும்பகுதியை அது மாற்றிவிடும். சில கார்களில் இது இன்ஜினை ஒட்டியே இருக்கும். சிலவற்றில் வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கும்.

அதற்குப் பின் நீளக் குழாய். கடைசியில் உருண்டையாக, தகர டப்பா போல இருப்பது சைலன்சர். அதற்குள் தடுப்புத் தகடுகளும் ஓட்டை போட்ட குழாய்களும் இருக்கின்றன. புகை அதற்குள் சுற்றிச் சுற்றி வரும்போது சத்தம் அடங்கிவிடும்.

குழாயும் குழாயும் சேரும் இடத்தில் கேஸ்கட் என்ற வளையம் இருக்கும். புகை கசியாமல் பார்ப்பது அதன் வேலை. குழாயில் அங்கங்கே கம்பிக் கொக்கிகள் பற்றவைத்திருப்பார்கள். வண்டியின் உடம்பிலும் கொக்கிகள் இருக்கும். இரண்டையும் கட்டைவிரல் பருமனுள்ள ரப்பர் ஒன்று இணைக்கும். கன்வெர்ட்டருக்கும் சைலன்சருக்கும் மேலே மெல்லிய தகடு ஒன்று கூரை போல இருக்கும். அது வெப்பத் தடுப்புத் தகடு. பலர் இதை வேண்டாத சாமான் என்று நினைக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கம்பெனி சாமானும் வெளிச் சாமானும்

கார் கம்பெனி தன் பெயரில் விற்பது கம்பெனி சாமான். மற்றவர்கள் செய்து விற்பது வெளிச் சாமான். டெல்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. ரோடு, சென்னையில் புதுப்பேட்டை என்று ஒவ்வொரு பெரிய ஊரிலும் வண்டிச் சாமான்களுக்கு ஒரு பேட்டை உண்டு. அங்கே இரண்டும் கிடைக்கும். வெளிச் சாமானுக்கு விலை குறைவு.

வெளிச் சாமான் எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. நல்ல கம்பெனிகள் செய்யும் வெளிச் சாமான்கள் பல ஆண்டுகள் உழைக்கின்றன. ஆனால் வாங்கும்போது சிலவற்றைப் பார்க்க வேண்டும். தகடு மெல்லியதாக இருந்தால் அது தகர மேளம் போல அதிரும். ஒரே குழாயைப் பல மாடல்களுக்குப் பொருந்தும் என்று விற்பார்கள். அதில் கொக்கி இருக்கும் இடம் ஒரு விரல் அகலம் தள்ளியிருக்கலாம். ஒரு விரல்தானே என்று விட முடியாது. அந்த ஒரு விரலால் ரப்பர் ஒரு பக்கமாக இழுபடும். குழாய் வண்டியின் அடித்தகட்டில் உரசும். சத்தம் அங்கேதான் பிறக்கிறது.

கடையிலேயே பழைய சைலன்சரையும் புதிய சைலன்சரையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் ஒன்றா? வளைவு ஒன்றா? கொக்கிகள் நேருக்கு நேர் இருக்கின்றனவா? ஒரு நூலால் அளந்தால் போதும். பிறகு புதியதைக் கையில் எடுத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கடகடத்தால் வாங்காதீர்கள். உள்தகட்டின் பற்றவைப்பு விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஜவுளிக்கார அண்ணனின் கார்

பெங்களூரில் எங்கள் கற்போர் மையத்துக்கு ஓர் அண்ணன் வருகிறார். ரெடிமேட் துணி வியாபாரம் செய்கிறார். பழைய ஆல்ட்டோ கார் ஒன்றில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அவரும் அக்காவும் கோலார், தங்கவயல், ஓசூர் என்று சுற்றி வருவார்கள். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. ஒரு கடையில் வெளிச் சாமான் வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டார். இரண்டாம் நாளே 'டர்ர்ர்' என்று சத்தம் தொடங்கியது.

மறுபடியும் கடைக்குப் போனார். கடைப் பையன் குழாயை ஒரு கம்பியால் இறுக்கிக் கட்டினான். கொக்கியை வண்டியோடு சேர்த்துப் பற்றவைத்தும் விட்டான். சத்தம் குறையவில்லை. முன்பு சிக்னலில் நிற்கும்போது மட்டும் வந்தது. இப்போது சீட், கதவு, கண்ணாடி எல்லாம் நடுங்கின. 'இன்ஜின் போய்விட்டது, இறக்கிப் பார்க்க வேண்டும்' என்று ஒருவர் சொன்னார். அண்ணன் பயந்துபோனார். இன்ஜின் வேலை என்றால் ஒரு சீசன் லாபம் அதிலேயே போய்விடும்.

கடைசியில் வீட்டுப் பக்கத்துப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். அங்கே மெக்கானிக் பாய் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"சத்தம் எப்போ வருது, அண்ணா?"

"எப்பவும் வருது பாய்."

"எப்பவும்னா? காலையில ஸ்டார்ட் பண்ணும்போதா, வண்டி சூடான பிறகா? நிக்கும்போதா, ஓடும்போதா?"

அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா சொன்னார்.

"சிக்னல்ல நிக்கும்போது வருது. ஏ.சி. போட்டா ஜாஸ்தி. நாப்பதுல போனா நின்னுடுது. மறுபடி அறுபதுல வருது. ஸ்பீடு பிரேக்கர்ல டொக்குனு ஒரு தட்டு."

"அக்கா பாதி வேலையை முடிச்சுட்டீங்க" என்றார் பாய். அப்புறம் கேட்டார். "வேற ஏதாவது?"

"சத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல. பதினஞ்சு நாளா வண்டியில போனாலே தலைவலி. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்துல சரியாயிடும். வெயில்னு நெனச்சேன்."

பாய் கார்க் கதவுகளைத் திறந்து வைத்தார். "வண்டி இங்கேயே இருக்கட்டும் அண்ணா. சரி பண்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றார்.

தலைவலிக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. இதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. கண்ணும் மூக்கும் இதைக் கண்டுபிடிக்காது. நாம் மூச்சு விடும்போது ஆக்சிஜனை உடம்பு முழுவதும் கொண்டுபோவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அந்த ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் இடம் பிடித்தவர் எழுந்திருக்காதது போல அது இடத்தை விடாது. ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது.

முதலில் தலைவலி வரும். பிறகு தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கலக்கம். பிறகு நினைவு தப்பும். உயிரும் போகும். வெளிக் காற்றில் வந்ததும் தலைவலி குறைவது முக்கியமான அடையாளம். ஒரே வண்டியில் போன இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

குழாயில் இணைப்பு விட்டிருந்தால் குழாய் நடுங்கும். சத்தமும் வரும். அதே இடத்தில் புகையும் கசியும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டு ஓட்டும்போது, அடித்தகட்டில் உள்ள ஓட்டை வழியாகவும் கிழிந்த ரப்பர் வழியாகவும் அது உள்ளே வரும். டிக்கி சரியாக மூடாமல் ஓட்டினாலும் புகை உள்ளே இழுக்கப்படும். மூட்டை பெரிதாக இருக்கிறது என்று டிக்கியைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டுகிறோம் அல்லவா? அப்போது இது நடக்கும். ஜவுளிக்கார அண்ணனும் அப்படித்தான் ஓட்டினார்.

இப்படிச் சந்தேகம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். ஒருவர் மயங்கியிருந்தால் அவரை வெளிக் காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வந்து 108 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் கார் புகை என்று சொல்லுங்கள். வெறும் மயக்கம் என்று சொன்னால் வைத்தியம் தாமதமாகும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்த வாயு இன்னும் ஆபத்தானது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷட்டர் மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடக் கூடாது. நிறுத்திய காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. சைலன்சர் புதிதாக இருந்தாலும் கூடாது.

பாய் எப்படித் தேடினார்?

வண்டி நன்றாக ஆறும் வரை பாய் காத்திருந்தார். ஓடி வந்த வண்டியின் கன்வெர்ட்டர் 400 டிகிரி செல்சியசையும் தாண்டிச் சுடும். கை பட்டால் தோல் உரிந்துவிடும். பிறகு வண்டியைத் தூக்கினார். வெறும் ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. ஜாக்கி சரிந்தால் அவ்வளவுதான். பாய் பட்டறையில் நான்கு இரும்புத் தாங்கிகள் இருந்தன. வண்டியை அவற்றின் மேல் உட்கார வைத்த பிறகுதான் அவர் படுத்தார். செங்கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் எச்சரிக்கை செய்யாமல் உடையும்.

முதலில் கையால் குழாயைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டினார். டொக் என்று எங்கோ இடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். குழாயின் மேல்பக்கம் ஓர் இடத்தில் துரு இல்லாமல் பளபளவென்று இருந்தது. அதற்கு நேர் மேலே அடித்தகட்டிலும் பளபளப்பு. இரண்டு இரும்பும் உரசும் இடம் எப்போதும் பளபளக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மனம் வைத்துப் பார்த்தால் போதும்.

ஒரு ரப்பர் கொக்கியில் விறைப்பாக இழுபட்டு நின்றது. இன்னொன்று வெடித்திருந்தது. பற்றவைத்த கொக்கி வண்டியோடு கல் போல ஒட்டியிருந்தது. இன்ஜினின் நடுக்கம் முழுவதும் அந்த இரும்பு வழியாக வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நாம் முதலில் பார்த்தோமே, மிக்ஸியும் அலமாரியும், அதே கதைதான்.

அடுத்து இணைப்புகளைப் பார்த்தார். ஓர் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. கரி படிந்தால் புகை கசிகிறது என்று பொருள். உறுதி செய்ய, இன்ஜினைச் சூடேறும் முன் சிறிது நேரம் ஓட விட்டு, சோப்புத் தண்ணீரை இணைப்பின் மேல் தெளித்தார். பஞ்சர் பார்ப்பது போலத்தான். நுரை பொங்கியது. கடையில் புதிய கேஸ்கட் போடாமல் பழைய, நசுங்கிய கேஸ்கட்டையே மறுபடி வைத்திருந்தார்கள். அதன் விலை சைலன்சர் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

எப்படிச் சரிசெய்தார்?

எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தினார். இது முக்கியம். ஒரு முனையை இறுக்கிவிட்டு அடுத்த முனையை இழுத்துப் பொருத்தினால் குழாய் முறுக்கிக்கொண்டு நிற்கும். முறுக்கிக்கொண்ட குழாய் சூடானதும் நீளும். அப்போது எங்காவது போய் இடிக்கும். அதனால்தான் சில வண்டிகளில் சத்தம் சூடான பிறகு மட்டும் வருகிறது.

பற்றவைத்த கொக்கியை அறுத்து எடுத்தார். வேறு கம்பியைச் சூடாக்கி, வண்டியில் உள்ள கொக்கிக்கு நேராக வளைத்து, சரியான இடத்தில் பற்றவைத்தார். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றி வைத்தார். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் வெல்டிங் செய்யவே இல்லை. குழாயை இறக்கி வெளியே கொண்டுபோய்ச் செய்தார். டாங்க் பின்பக்கம் இருக்கும் கார்களில் சைலன்சர் அதன் பக்கத்திலேயே இருக்கும். அங்கே ஒரு பொறி போதும்.

இரண்டு ரப்பர்களையும் புதிதாகப் போட்டார். ரப்பர் தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது. கொசுவலைக் கயிறு கட்டுவது போல இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுவை இருக்க வேண்டும். குழாய்க்கும் அடித்தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டார். புதிய கேஸ்கட் வைத்தார். பிறகு முன்பக்கத்தில் தொடங்கிப் பின்பக்கம் வரை ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றை இறுக்கிய பிறகும் குழாயை ஆட்டிப் பார்த்தார்.

வெப்பத் தடுப்புத் தகட்டின் ஒரு போல்ட் துருவில் தின்று போயிருந்தது. தகடு அங்கே தனியாக ஆடியது. 'சில்ல்ல்' என்று மெல்லிய சத்தம் கேட்டால் பெரும்பாலும் இதுதான். "இதைப் பிடுங்கிப் போட்டுடலாமே பாய்" என்றார் அண்ணன். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. தகடு இல்லாவிட்டால் அந்தச் சூடு காரின் தரைக்கு ஏறும். தரையில் விரிப்பும் வயரும் இருக்கின்றன. கீழே தகடு இருக்கும் கார்களை அது இல்லாமல் காய்ந்த புல் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கவும் கூடும். போல்ட் ஓட்டை பெரிதாகிவிட்டதால் அகலமான வாஷர் ஒன்றை வைத்து இறுக்கினார். தகடு நின்றது.

வண்டியைக் கொடுக்கும்போது பாய் சொன்னார். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க அண்ணா. சூடாகி ஆறினா போல்ட் கொஞ்சம் தளரும். ஒரு தடவை இறுக்கித் தர்றேன். அதுக்குக் காசு வேண்டாம். டிக்கியைக் கட்டிக்கிட்டு ஓட்டாதீங்க."

அக்காவின் தலைவலி போய்விட்டது. கொஞ்சம் 'ம்ம்ம்' என்ற சத்தம் மட்டும் அறுபதில் இன்னும் வருகிறது. அதையும் விளக்க வேண்டும்.

இறுக்கினாலும் போகாத சத்தம்

ஊஞ்சலை அதன் போக்குக்குச் சரியாகத் தள்ளினால் சிறிய தள்ளலிலேயே உயரப் போகும். தவறான நேரத்தில் தள்ளினால் நின்றுவிடும். குழாய்க்கும் இப்படி ஒரு சொந்தப் போக்கு உண்டு. இன்ஜினின் துடிப்பு அந்தப் போக்கோடு ஒத்துப் போகும் வேகத்தில் மட்டும் குழாய் அதிகமாக அதிரும். வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ அடங்கிவிடும். எதுவும் உரசவில்லை, எதுவும் கசியவில்லை என்றால் இந்தச் சத்தத்தால் ஆபத்து இல்லை. போல்ட்டை மேலும் மேலும் இறுக்கி மரையைக் கெடுத்துவிடாதீர்கள். தகடு மெல்லியதாக இருக்கும் சைலன்சரில் இது அதிகம் வரும். அடுத்த முறை மாற்றும்போது கனமான தகடு உள்ளதை வாங்குவதுதான் வழி.

சைலன்சர் சரியாக இருந்தும் வண்டி முழுவதும் நடுங்கினால் இன்ஜின் மவுண்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் அவை. அவை நைந்து போனால் இன்ஜின் அதிகமாக ஆடும். ஆடும் இன்ஜின் குழாயையும் ஆட்டும். அந்த வண்டிக்கு எத்தனை சைலன்சர் மாற்றினாலும் பலன் இல்லை.

நோட்டில் எழுதுங்கள்

சத்தம் வரும் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அன்று மட்டும் சத்தம் வராது. இது எல்லோருக்கும் நடந்திருக்கும். அதனால் ஒரு சிறு நோட்டு வண்டியில் இருக்கட்டும். அக்கா இப்போது அப்படி ஒன்று வைத்திருக்கிறார். மையத்தில் எழுதக் கற்றது அங்கே பயன்படுகிறது. அதில் ஒரு நாளின் குறிப்பு இது:

'திங்கள் காலை. வண்டி சூடாகவில்லை. சத்தம் இல்லை. ஓசூர் போகும்போது அறுபதில் ம்ம் சத்தம். ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். பள்ளத்தில் இடிக்கவில்லை.'

ஐந்தாறு சொற்றொடர்தான். இதைப் படித்தால் எந்த மெக்கானிக்கும் பாதி நேரத்தில் இடத்தைக் கண்டுபிடிப்பார். உங்களை ஏமாற்ற நினைப்பவரும் கொஞ்சம் யோசிப்பார்.

பழைய சாமானைக் கேளுங்கள்

கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. அதனால் பழைய கன்வெர்ட்டருக்கும் நல்ல விலை உண்டு. சில இடங்களில் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெறும் குழாயைப் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள். 'வண்டி இழுக்கும், மைலேஜ் கூடும்' என்றும் சொல்வார்கள். நம்பாதீர்கள். வண்டி கத்தும். நச்சுப் புகை அப்படியே வெளியே வரும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய 4 நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரல் முதல் கன்வெர்ட்டர் கட்டாயமானது. இன்று ஓடும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் அது இருக்கும். எந்தச் சாமானைக் கழற்றினாலும் பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள். அது உங்கள் சொத்து.

சட்டமும் இருக்கிறது. எல்லா மோட்டார் வண்டியிலும் சத்தத்தை அடக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆவது விதி சொல்கிறது. சத்தத்திலோ புகையிலோ அளவை மீறும் வண்டியை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது இந்தத் தொகை உயர்ந்தது. வேண்டுமென்றே சத்தம் போடும் சைலன்சர் மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூங்கும் குழந்தையும் நோயாளியும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

பில்லைப் படியுங்கள்

சைலன்சர் மாற்றினால் கையால் எழுதிய துண்டுச் சீட்டோடு வந்துவிடாதீர்கள். பில் கேளுங்கள். பில்லில் கடையின் பெயர், தேதி, உங்கள் வண்டி எண், சாமானின் பெயர், செய்த கம்பெனியின் பெயர், கூலி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். கேஸ்கட், ரப்பர் என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பழையதையே போட்டிருக்கலாம். உடனே கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன உத்தரவாதம் கடை வாசல் தாண்டினால் மறந்துபோகும்.

பயிற்சி

ஒரு பில்லில் சைலன்சர் 2,400 ரூபாய், கேஸ்கட் 120 ரூபாய், ரப்பர் 2-க்கு 160 ரூபாய், கூலி 500 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. கீழே மொத்தம் 3,280 ரூபாய் என்று போட்டிருக்கிறது. கூட்டிப் பாருங்கள். கடைக்காரரிடம் என்ன சொல்வீர்கள்?

உங்கள் வண்டியின் அல்லது உங்களுக்குத் தெரிந்தவர் வண்டியின் புகைப் பரிசோதனைச் சான்றிதழை எடுத்து வாருங்கள். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற வரியைத் தேடுங்கள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் சி.ஓ. என்று சுருக்கமாக இருக்கும். அந்த வரியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அனுமதித்த அளவு. மற்றது உங்கள் வண்டியின் அளவு. எது பெரியது? சான்றிதழ் முடியும் தேதியையும் படியுங்கள். பாரத் ஸ்டேஜ் 4, 6 வகைக் கார்களுக்கு இது ஓராண்டு செல்லும். அதற்கு முந்தைய கார்களுக்கு 6 மாதம். இன்றைய தேதியை அதன் பக்கத்தில் எழுதி, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுங்கள்.